நகல் என்று மூடப்பட்டவை

புகார் குறைந்ததற்காக ஓர் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள் என்றால் நம்புவீர்களா? வெட்டினார்கள். புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, மூன்றாவது மாடிக் கண்ணாடி அறையில், டைரக்டர் தன் கையாலேயே வெட்டினார். சுவரில் இருந்த பெரிய திரையில் ஒரு சிவப்புக் கோடு மாடிப்படியில் உருண்ட பந்து மாதிரி கீழே இறங்கியிருந்தது. போன மாதம் ஒரு நாளைக்கு நானூற்றுப் பன்னிரண்டு புகார். இந்த வாரம் ஒரு நாளைக்கு அறுபத்து மூன்று.

"ஆளுங்க கூடியிருக்காங்க, புகார் குறைஞ்சிருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் டைரக்டர். எல்லோரும் கை தட்டினார்கள். புகார் அக்காவும் தட்டினாள்.

அந்த நிறுவனம் செய்வது பிரவுசர். இந்த மாடிக்காரர்கள் செய்வது அந்தப் பிரவுசருக்குள் ஒளிந்திருக்கும் ஒரு கருவிப்பெட்டி. சாதாரண ஆள் அதை ஆயுளில் ஒரு முறைகூடத் திறக்க மாட்டான். இணையப் பக்கங்களைக் கட்டுகிறவர்களுக்கோ அதுதான் சுத்தியல், திருப்புளி, டார்ச் லைட் எல்லாம். பக்கம் எங்கே உடைந்திருக்கிறது, எந்த வரியில் பிழை, எந்தப் படம் வராமல் முரண்டு பிடிக்கிறது என்று அதைத் திறந்துதான் பார்ப்பார்கள். அந்தப் பெட்டியைத்தான் இவர்கள் மேம்படுத்தியிருந்தார்கள். நாலு மாதத்துக்கு முன்பு, விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் முன்னோட்டமாகக் கொடுத்தார்கள். மூன்று வாரத்துக்கு முன்பு நாலில் ஒரு பங்கு ஆட்களுக்கு அனுப்பினார்கள். வியாழக்கிழமை மதியம் மீதி எல்லோருக்கும் போகப் போகிறது. மேம்பாடு என்ற சொல்லை எவன் கண்டுபிடித்தானோ தெரியாது. நன்றாக இருந்த ஒன்றைக் கலைத்துப் போட்டுவிட்டுச் சொல்வதற்கு அதைவிட வசதியான சொல் இன்னும் வரவில்லை.

இந்த மேம்பாட்டைச் செய்தவன் டிசைனர். எந்தத் திரையைக் கையில் கொடுத்தாலும் இருப்பதையெல்லாம் தூக்கி ஓரத்தில் எறிந்துவிட்டு நடுவில் வெறுமையாக விடுவான். அதற்கு 'மூச்சு விட இடம்' என்று பெயர் வைத்திருந்தான். பெயர் வைக்க மற்றவர்களுக்குத் தெரியாதா என்ன? மாடியில் அவனுக்குக் காலிமனை என்று பெயர்.

புகார் அக்காவுக்கும் உத்தியோகப் பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி முடிக்க இரண்டு மூச்சு வேண்டும். அவள் வேலை மட்டும் எளிது. கருவிப்பெட்டியைப் பயன்படுத்துகிறவர்கள் எழுதி அனுப்பும் கருத்துகளை, அதாவது வசவுகளை, ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். உண்மையான கோளாறு என்றால் பொறியாளர்களுக்குத் தள்ள வேண்டும். இல்லையென்றால் மூட வேண்டும். மூடுவதற்கு மூன்று முத்திரைகள்: சரிசெய்யப்பட்டது, திட்டமிட்டபடியே உள்ளது, நகல். ஏற்கெனவே வேறொருவர் சொன்ன அதே விஷயம் என்றால் நகல். பழைய புகாரின் எண்ணைப் போட்டு, அதைப் பார் என்று சொல்லி மூடிவிடலாம். ஒரு நாளைக்கு நூற்றிருபது முடிக்க வேண்டும். எட்டு வருடமாக அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள், நன்றாகச் செய்கிறோம் என்ற நினைப்பும் இருந்தது.

பதினொன்றரைக்கு அண்ணி போன் பண்ணினாள்.

"மத்தியானம் கொஞ்சம் வந்துட்டுப் போறியா? உங்கண்ணன் ஆபீஸ் போகலே. காலையிலேர்ந்து கம்ப்யூட்டரைத் திட்டிட்டே இருக்காரு. என்னைத் திட்டினாலாவது நான் பதிலுக்குத் திட்டுவேன். அது பாவம், என்ன பண்ணும்?"

அண்ணன் வீடு இரண்டு நிறுத்தம் தள்ளி. சாப்பாட்டு நேரத்தில் போய்விட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினாள்.

அண்ணனுக்கு ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து பார்வை போனது. அதற்காக அவன் எதிலும் பின்தங்கியதில்லை, பிடிவாதத்தில் எல்லோருக்கும் முந்தி. பதினாலு வருடமாக இணையப் பக்கங்கள் கட்டுகிறான். திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று எப்போதும் அவன் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அது போகிற வேகத்தில் மற்றவர்களுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டு, விசைப்பலகையில் விரல்களை ஓட விடுவான். மவுஸ் என்ற பொருளுக்கு அவன் மேஜையில் இடமே கிடையாது.

அறை இருட்டாக இருந்தது. அவள் தனக்காக விளக்கைப் போட்டுக்கொண்டாள். காலடிச் சத்தத்திலேயே யாரென்று தெரிந்துகொண்ட அண்ணன், வா என்றுகூடச் சொல்லாமல் ஹெட்போன் வயரைப் பிடுங்கினான். குரல் அறைக்குள் கொட்டியது.

"பட்டன். பட்டன். பட்டன். பட்டன்."

"எண்ணு," என்றான்.

"என்னத்தைண்ணா எண்ண?"

"முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு தடவை பட்டன்னு சொல்லும். எந்தப் பட்டன், எதுக்குப் பட்டன், ஒரு எழவும் சொல்லாது. முன்னாடி இங்க பிழையெல்லாம் வரி வரியா இருந்துச்சு. கீழ் அம்பை அழுத்தினா ஒண்ணொண்ணா படிக்கும். இப்ப எவனோ ஒரு புத்திசாலி எல்லாத்தையும் கலர் கட்டமா மாத்திட்டான். மேல மவுஸை வெச்சாத்தான் உள்ள என்னன்னு விரியுமாம். நான் மவுஸை எங்கடி கொண்டுபோய் வெக்கிறது?"

அந்தக் கலர் கட்டங்கள் அவளுக்குத் தெரியும். அதற்காகக் காலிமனைக்குப் போன மாதம்தான் கண்ணாடியில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதை இங்கே சொல்வதற்கு அவளுக்கு வாய் வரவில்லை.

"ஆபீஸுக்கு ஏன் போகலே?"

"போய் என்ன கிழிக்கிறது? ஆஸ்பத்திரிக்குப் பக்கம் கட்டுறோம். நோயாளிங்க நேரம் வாங்குறதுக்கு. வெள்ளிக்கிழமை குடுக்கணும். எங்கேயோ உடையுது, எங்கேன்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது. மூணு வாரமா பக்கத்து மேஜைக்காரியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திரையைப் படிக்கச் சொல்றேன். அவளும் மனுஷிதானே, அவ வேலை நிக்குது. நேத்து மேனேஜர் கூப்பிட்டாரு. ரொம்ப அன்பா பேசினாரு."

"அன்பாவா?"

"அதான் பயமே. வெள்ளிக்கிழமைக்குள்ள முடியலேன்னா போன் எடுக்குற பிரிவுக்கு மாறிக்குங்க, உங்க குரல் நல்லா இருக்குன்னாரு. பதினாலு வருஷம் வேலை பாத்தவன்கிட்ட, உன் குரல் நல்லா இருக்குன்னு சொல்றான்!"

"பதினோரு வருஷமா கூட இருக்கேன், எனக்கே தெரியாமப் போச்சே," என்றாள் அண்ணி சமையலறையிலிருந்து. மற்ற நாளாக இருந்தால் அண்ணன் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான். இன்றைக்குத் தாடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அந்த வேலை போனால் சோற்றுக்குப் பஞ்சம் வந்துவிடாது. ஆனால் அவன் யார் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தானோ அது போய்விடும். அதைத் தங்கைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"வேற பிரவுசர்ல பாக்க முடியாதாண்ணா?"

"ஆஸ்பத்திரியில இருக்குற அத்தனை கம்ப்யூட்டர்லயும் உங்க பிரவுசர்தான். அதுல உடையறது அதுலதான் தெரியும். பழசுக்குத் திரும்பலாம்னா எங்க ஆபீஸ்ல விட மாட்டாங்க, தானா புதுசாகிக்கும்."

"எங்களுக்கு எழுதிப் போட வேண்டியதுதானே?"

பழக்கதோஷம். எட்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி, அந்த வாக்கியம் அவள் வாயில் எச்சில் மாதிரி ஊறிக் கிடந்தது. அண்ணன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை.

"எழுதினேனே. முன்னோட்டம் வந்த அன்னிக்கே வீட்டுக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்து, இது ஊருக்கெல்லாம் வரதுக்கு முன்னாடி சரி பண்ணட்டும்னு எழுதினேன். பதினோரு தடவை. கிணத்துல போட்ட கல்லு. சரி, பன்னிரண்டாவதும் எழுதித் தொலைப்போம்னு பாத்தா, புகார் எழுதுற பெட்டியையே காணோம்."

"பெட்டி எங்கேயும் போகலேண்ணா. முன்னாடி உதவி மெனுவில இருந்துச்சு. இப்ப கீழ மூலையில ஒரு சிரிப்பு முகம் வரும், அதை..."

சொல்லிக்கொண்டே போனவள் நிறுத்திவிட்டாள். அந்தச் சிரிப்பு முகம் சும்மா வராது. மவுஸ் அந்த மூலைக்குப் போனால்தான் எட்டிப் பார்க்கும். இல்லாத நேரத்தில் அங்கே வெறும் இடம், மூச்சு விட இடம்.

அவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. நானூற்றுப் பன்னிரண்டு எப்படி அறுபத்து மூன்று ஆயிற்று என்று இப்போது விளங்கியது. மவுஸ் வைத்திருக்கிறவர்கள் கண்ணிலேயே அந்த முகம் படுவது அதிர்ஷ்டம். மவுஸ் பிடிக்க முடியாதவர்களுக்குச் சுத்தமாகக் கதவடைப்பு. கத்துகிறவன் வாயைத் துணியால் கட்டிவிட்டு, வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது பார் என்று சொல்கிற கதைதான் இது. அதற்குக் கேக் வேறு. அந்தக் கேக்கில் இரண்டு துண்டு இவளும் தின்றிருந்தாள்.

"உன் எண் என்னண்ணா? புகார் எழுதுறவங்க பேரு எங்களுக்குக் காட்டாது, எண்தான் வரும்."

அவன் ஒன்பது இலக்கத்தையும் தடுமாறாமல் சொன்னான். பிறகு, "போய் எடுத்துப் படி. பதினொண்ணையும் படி," என்றான். தட்டில் போட்ட சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு அவள் எழுந்தாள்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனாள். யார் அந்தப் பதினொன்றை மூடினார்களோ அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்ற முடிவோடு மாடி ஏறினாள். புகார் படிப்பவர்கள் நாலு பேர். அதில் ஒருத்தி போன மாதம் வேலையை விட்டுப் போய்விட்டாள். மீதி இரண்டு பேரையும் கண்ணாலேயே எரித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து எண்ணைத் தட்டினாள்.

பதினொன்றும் வந்தன. பதினொன்றிலும் ஒரே முத்திரை, நகல்.

முதல் புகாரைத் திறந்தாள். வேலையை விட்டுப் போனவள் மூடியிருந்தாள்: 'இது நாலாவது புகாரின் நகல். அதில் விவரம் அதிகம், அதைப் பார்க்கவும்.' சரி என்று நாலாவதைத் திறந்தாள். 'இது முதல் புகாரின் நகல். அதுவே பழையது, அதைப் பார்க்கவும்.' மற்ற ஒன்பதும் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றின் நகல் என்று மூடப்பட்டிருந்தன. முதலாவதைக் கேட்டால் நாலாவதைக் கை காட்டியது. நாலாவதைக் கேட்டால் முதலாவதைக் கை காட்டியது. இரண்டுமே மூடி. இரண்டில் ஒன்று திறந்திருக்கிறது என்று இரண்டு பேரும் நம்பியிருக்கிறார்கள். ஒரு பொறியாளர்கூட இதைக் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்க வழியே இல்லை.

நாலாவதை மூடியது யார் என்று கீழே பார்த்தாள். அவள் பெயர் இருந்தது.

செவ்வாய்க்கிழமை, மாலை நாலு ஐம்பத்திரண்டு, இரண்டரை மாதத்துக்கு முன்பு. அன்றைய நூற்றிருபதில் நூற்றுப் பதினெட்டாவது. அவள் எழுதிய பதிலும் இருந்தது: 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. இது ஏற்கெனவே எங்கள் கவனத்தில் உள்ளது.' அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்குத் துளியும் ஞாபகம் இல்லை. நூற்றிருபதை முடித்துவிட்டு ஐந்தரை பஸ்ஸைப் பிடித்திருப்பாள், வேறு என்ன?

புகாரைப் படித்தாள். இந்த முறை படித்தாள். ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டு எழுதியிருந்தான். எந்தத் திரை, எந்த விசை, முன்பு குரல் என்ன சொன்னது, இப்போது என்ன சொல்கிறது, எப்படிச் செய்தால் சரியாகும், எல்லாம் இருந்தது. கடைசி வரி: 'இது சிறிய வேலைதான். ஆனால் நீங்கள் செய்யாவிட்டால் நான் என் தொழிலைச் செய்ய முடியாது.' இதைப் படித்துவிட்டா மூடினோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். படிக்கவில்லை. முதல் இரண்டு வரியைப் பார்த்திருப்பாள், இந்த மாதிரி ஒன்று முன்பே வந்ததே என்று தோன்றியிருக்கும், முத்திரை குத்தியிருப்பாள். பஸ்ஸிலிருந்து சேர்த்து எடுத்து வந்த கோபத்தையெல்லாம் கொட்ட ஆள் தேடினால், அந்த நாற்காலியில் அவளேதான் உட்கார்ந்திருந்தாள். அப்படியே தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இரண்டு அடி அடித்தும் கொண்டாள். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பிறகு இந்த இரண்டு எண்களையும் காட்டி நகல் என்று மூடப்பட்ட எல்லாவற்றையும் தேடினாள். இருநூற்று ஏழு. அண்ணன் எழுதியவை பதினொன்று. மீதி நூற்றுத் தொண்ணூற்றாறு யார் யாரோ. ஒரு பெண், கை நடுக்கம், மவுஸ் பிடிக்க முடியாது. ஒருவர், விபத்தில் தோள்பட்டை போனவர். கண் தெரியாதவர்கள் எத்தனையோ பேர். எல்லாப் புகாரும் ஐந்து வாரத்துக்கு முன்பு ஒரு நாளோடு நின்று போயிருந்தன. புகார் பெட்டி மூலைக்குப் போன நாள் அது.

எழுந்து நேரே காலிமனையிடம் போனாள். அவன் திரையில் ஏதோ ஒன்றை இன்னும் கொஞ்சம் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். அவள் அவனுடைய மவுஸைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, என்ன இது?"

"ஒரு புகார் எழுது. உன் பெட்டியைப் பத்தி."

"மவுஸைக் குடுங்க, எழுதறேன்."

"மவுஸ் இல்லாம எழுது."

அவன் சிரித்துக்கொண்டே விசைகளை அழுத்தினான். ஒரு நிமிடத்தில் சிரிப்பு போய்விட்டது. இரண்டாவது நிமிடத்தில் முதுகை நிமிர்த்திக்கொண்டு தீவிரமாக அழுத்தினான். "சுத்திச் சுத்தி அதே இடத்துக்கே வருதே," என்றான்.

"வரும். நாலு மாசமா இருநூறு பேர் அங்கதான் சுத்திட்டிருக்காங்க."

"மவுஸ் இல்லாம யாருக்கா வேலை செய்யறாங்க? ரொம்பக் கொஞ்சம் பேரு. இந்த முறை போகட்டும், அடுத்த பதிப்புல சேத்துடலாம். ஆறு வாரந்தான்."

"ஆறு வாரந்தானா? உன் நாற்காலியை எடுத்துட்டு ஆறு வாரம் நின்னுட்டே வேலை பாருன்னா பாப்பியா? கண்ணு நல்லாத்தானே இருக்கு உனக்கு? இத்தனை பேரைத் தெரியலே?"

அவள் குரல் மாடி முழுக்கக் கேட்டது. எட்டு வருடத்தில் புகார் அக்கா கத்தி யாரும் கேட்டதில்லை. பதிலுக்கு நிற்காமல் அவள் தன் இடத்துக்கு வந்துவிட்டாள்.

அந்த மாடியில் ஒரு விதி உண்டு. வெளியே போகிற பதிப்பில் பெரிய ஆபத்து இருக்கிறது என்று யாருக்குத் தோன்றினாலும், டைரக்டரோ, புகார் படிப்பவளோ, சிவப்புக் கொடி ஏற்றலாம். ஏற்றியவுடன் எல்லாம் நிற்கும். ஏற்கெனவே புதியது போய்ச் சேர்ந்தவர்களுக்கும் இரண்டு மணி நேரத்தில் பழையது திரும்பிவிடும். ஏற்றியவர்தான் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் டைரக்டர் இறக்கலாம், ஆனால் காரணத்தை எழுதித் தன் பெயரைப் போட வேண்டும். அது உலகமே படிக்கும் பக்கத்தில் நிற்கும். இது மாதிரி விதிகளை எழுதும்போது எல்லோருக்கும் பெருமையாக இருக்கும். யாராவது பயன்படுத்திவிட்டால்தான் ஏன் எழுதினோம் என்று இருக்கும்.

மூன்று நாற்பதுக்கு அவள் ஏற்றினாள். படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: எத்தனை பேர் பாதிக்கப்பட்டுள்ளனர்? 'இருநூற்று ஏழு புகார்கள் உள்ளன. மேலும் எத்தனை பேர் என்று தெரியாது. அவர்கள் சொல்வதற்கு இருந்த வழியை நாமே மூடிவிட்டோம்' என்று எழுதி அனுப்பினாள்.

ஐந்து நிமிடத்தில் டைரக்டர் வந்தார். அவர் எப்போதும் ஆட்களைத் தன் அறைக்குக் கூப்பிடுவாரே தவிர யார் மேஜைக்கும் வரமாட்டார். பின்னாலேயே காலிமனை.

"என்னம்மா இது? நாளைக்கு வெளியீடு. மேலிடத்துக்குச் சொல்லியாச்சு. இறக்கு."

"மாட்டேன் சார்."

"பேசித் தீத்துக்கலாம். முதல்ல இறக்கு."

"இறக்கினப்புறம் என்ன சார் பேச இருக்கு?"

காலிமனை மெல்ல, "அவங்க அண்ணனுக்குக் கண்ணு தெரியாது சார். அதான்," என்றான். சொன்ன தொனியில் இரக்கம் வேறு கலந்திருந்தது. டைரக்டருக்கு முகம் தெளிந்துவிட்டது.

"அப்படிச் சொல்லு. வருத்தமாத்தான் இருக்கு. ஆனா சொந்த விஷயத்தை ஆபீஸுக்குள்ள கொண்டுவரக் கூடாது பாரு. உங்க அண்ணனுக்குத் தனியா ஏதாவது ஏற்பாடு பண்ணச் சொல்றேன்."

அவளுக்கு மூக்கு நுனி வரை கோபம் ஏறி, கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுகிறாள் என்று நினைத்துவிடுவார்களே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"இருநூத்தேழு சார். அதுல எங்கண்ணன் பதினொண்ணு. மிச்சம் நூத்துத் தொண்ணூத்தாறும் எங்க சித்தப்பா பெரியப்பாவா? காலையில கோடு இறங்கிருச்சுன்னு கேக் வெட்டினீங்க. ஏன் இறங்குச்சுன்னு யாராவது கேட்டோமா? வாயைக் கட்டிட்டோம், அதனால சத்தம் வரலே. நானும் கை தட்டினேன், இல்லேன்னு சொல்லலே. அதுல நாலாவதை மூடினதே நான்தான்."

"கத்தாதே. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நான் இறக்க மாட்டேன். நீங்க இறக்கலாமே சார், விதி இருக்கே." நாற்காலியை விட்டு எழுந்து, விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினாள். "உக்காருங்க. காரணம் எழுதணும். வேணும்னா நான் சொல்றேன், நீங்க அடிங்க. 'கண்ணு தெரியாதவங்களால இதை உபயோகிக்க முடியாது. முடியலேன்னு புகார் சொல்லவும் முடியாது. தெரிஞ்சேதான் அனுப்பறோம்.' கீழ உங்க பேரு."

டைரக்டர் உட்கார்ந்தார். இரண்டு விரலால் ஏதோ அடித்தார். 'சிறிய அளவிலான பயனர்களுக்கு' என்று வந்தது. அழித்தார். 'தற்காலிகமான சில' என்று வந்தது. அதையும் அழித்தார். அந்தக் கட்டத்தில் எதை எழுதினாலும் அடியில் தன் பெயர் வரும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். மனுஷன் கெட்டவர் இல்லை. தன் பெயர் எதிலும் மாட்டிக்கொள்ளாமல் இருபது வருடம் வேலை பார்த்தவர், அவ்வளவுதான். மூன்றாவது தடவை கையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்குக் காலையில என் ரூமுக்கு வா," என்றார்.

"வரேன் சார்."

காலிமனை நின்றுகொண்டே இருந்தான். "மவுஸ்," என்றான். அவள் கைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். எடுத்துக்கொண்டு போனான்.

ஐந்தே முக்காலுக்குப் பழையது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரையில் வந்தது. நாளைக்கு இந்த நாற்காலி இருக்கிறதோ இல்லையோ என்ற நினைப்பை ஒதுக்கிவிட்டு, மாடிப்படிக்குப் போய் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"தெரியும், தெரியும்," என்றான் எடுத்தவுடனே. பின்னால் அந்தக் குரல் குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. "ஆபீஸுக்கே கிளம்பி வந்துட்டேன். வரி வரியா படிக்குது. நாலு நிமிஷத்துல முதல் பிழையைப் பிடிச்சுட்டேன். தேதி கேக்குற இடத்துல ஒரு அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கு. இதுக்குத்தான் மூணு வாரம் அடுத்தவ கண்ணைக் கடன் வாங்கினேன்! இன்னும் நாலஞ்சு இருக்கும். நாளைக்குள்ள முடிச்சுடுவேன்."

அவன் குரலில் பழைய மிடுக்கு வந்திருந்தது. அவளுக்கு அதைக் கேட்டதோடு போனை வைத்துவிடலாம் போல இருந்தது. ஆனால் நடந்ததையெல்லாம் சொன்னாள். கொடி, டைரக்டர், இருநூற்று ஏழு எல்லாம்.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். உன் நாலாவது புகாரை மூடினது நான்தான்."

ஓடிக்கொண்டிருந்த குரல் நின்றது. அவன்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"மூடினவங்க பேரு கீழ வருமில்ல. இது படிச்சுக் காட்டுச்சு. உன் பேரை மென்னு துப்பித்தான் படிக்கும், ஆனாலும் உன் பேருன்னு தெரியாதா எனக்கு?"

"ரெண்டரை மாசமா தெரியுமா?" மாடிப்படியில் யாரோ ஏறி வந்தார்கள், அவள் சுவரோரம் ஒதுங்கினாள். "ஏண்ணா சொல்லலே? ஒரு போன் போட்டிருந்தா அன்னிக்கே திறந்திருப்பேனே! இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

"திறந்திருப்பே. அண்ணனாச்சேன்னு திறந்திருப்பே. அதனாலதான் போன் பண்ணலே. அதுக்கப்புறம் ஏழு எழுதினேன். யாரோ ஒருத்தன் இப்படிக் கத்துறானேன்னு ஒண்ணுலயாவது நீ நின்னு படிப்பேன்னு பாத்தேன். நீ படிக்கலே. இருநூறு பேருன்னியே, அதுல எத்தனை பேருக்கு உங்க ஆபீஸ்ல தங்கச்சி இருக்கா?"

அவன் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள், அண்ணன் தங்கை சண்டையாகப் போயிருக்கும். அவன் கத்தவில்லை.

"சரி, வை. எனக்கு வேலை கிடக்கு," என்றான். அந்தக் குரல் மறுபடி ஓடத் தொடங்கியது, போன் நின்றது.

அவள் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தேடும் கட்டத்தில் தன் பெயரைப் போட்டு, நகல் என்று மூடியவை எல்லாம் என்று கேட்டாள். எட்டு வருடம். பட்டியல் வந்துகொண்டே இருந்தது. அது வந்து முடிவதற்குக் காத்திருக்காமல், மேலே இருந்த முதலாவதைத் திறந்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.